குதிகாலில் நான்கு துளைகள்

கோபம் வந்த பூனை மாதிரி முதுகை வளைக்கச் சொன்னார் மயக்க மருந்து டாக்டர், வளைத்தேன், கால்களை மடக்கி உட்கார்ந்து, தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு, முகவாய் நெஞ்சில் முட்ட, அசையாதீங்கம்மா அசையாதீங்கம்மா என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே ஏதோ குளிர்ச்சியாகத் துடைத்தார், பிறகு எறும்பு கடித்த மாதிரி ஒன்று, பிறகு முதுகெலும்புக்கு நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒன்று, அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு என்றார். எனக்கு எதுவும் முடிந்த மாதிரி இல்லை. இடுப்பிலிருந்து ஒரு மதமதப்பு இறங்கிப் போகிறது, தொடை, முழங்கால், ஆடுசதை, ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டே போகிற மாதிரி. இடது பக்கமாகப் படுக்க வைக்கிறார்கள். வலது கால் மேலே இருக்க வேண்டும், அதுதான் உடைந்த கால். மார்புக்குக் கீழே பச்சைத் துணியைத் திரையாகக் கட்டுகிறார்கள். காலைத் தூக்குங்க பாக்கலாம் என்கிறார். தூக்குகிறேன். தூக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சரி, மருந்து நல்லா வேலை செய்யுது என்கிறார், அப்படியென்றால் தூக்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நான், துளசிமணி, வறண்ட நாக்கு, விரலில் மாட்டிய கிளிப், காலையிலிருந்து காய்கிற வயிறு. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது யார் என்று தெரியவில்லை. ஆனால் என் பாதத்துக்கு இது புதிதில்லை. சர்க்கரை வந்து அது மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. மற்ற உறுப்புகள்தான் இன்றைக்குப் போய் அதோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன.

முதலில் செருப்பு. கடைவீதியில் நடந்துகொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து ஒரு பெண் ஏனுங்கக்கா, உங்க செருப்பு அங்க கெடக்குதுங்க என்கிறாள், திரும்பிப் பார்த்தால் பூக்கடைக்கு முன்னால் என் வலது செருப்பு தனியாகக் கிடக்கிறது, அதுவரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன், தார் ரோட்டில், மத்தியான வெயிலில். சிரித்துக்கொண்டே போய்ப் போட்டுக்கொண்டேன். வேறென்ன செய்வது. பிறகு பிரேக். என் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார்கள், நான் பக்கத்து ஸீட்டில், என் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். எத்தனையோ வருஷமாக என் வலது கால் அந்த பிரேக்கின் மேலேதான் குடியிருக்கிறது. அவர்கள் பயப்படுவதற்கு முன்னாலேயே அது மிதித்துவிடும், நான் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருஷம் ஒரு சிக்னலில் வண்டி நின்ற பிறகு குனிந்து பார்த்தேன், கால் பிரேக்கின் மேலே இருந்தது. வண்டி நின்றதால்தான் நான் மிதித்தேன் என்று எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிறேன். என்ன மேடம் தேடறீங்க என்று கேட்பார்கள். ஒண்ணுமில்ல, ரோட்டப் பாருங்க. ரோட்டப் பாருங்க.

அதனால்தான் விழுந்தபோதும் தெரியவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிற இரும்பு ஏணி, தொட்டி மூடி காற்றில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஏறிச் சரிசெய்தேன், இறங்கும்போது படி இருக்கிறது என்று நினைத்து வைத்த கால் படியில் இல்லை. நின்ற வாக்கில் விழுந்தேன், யாரோ என்னைத் தூக்கித் தரையில் நட்டு வைத்த மாதிரி. வலது குதிகாலில் ஒரு சத்தம், ஓடு மிதிபட்டு உடைகிற சத்தம். காதால் கேட்டேன், காலால் இல்லை. எழுந்து படி இறங்கினேன், மறுநாள் வகுப்பு எடுத்தேன், அதற்கு மறுநாளும் எடுத்தேன், லேசாக ஒரு குடைச்சல் மட்டும். சாயங்காலம் கௌசிகா வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா, என்னம்மா இது காலு. குனிந்து பார்த்தேன். பாதம் பன் மாதிரி உப்பி, குதிகாலைச் சுற்றி நாவல் பழம் நசுங்கின நிறம். கௌசிகா என் ஒரே மகள். அவள் முகத்தில் அப்போது ஒன்று வந்து போனது, அவள் அப்பாவின் காலைப் பார்த்தபோது வந்த அதே முகம், ஆனால் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை, ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஃபர்ஹானா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "ரெண்டு நாளா இந்தக் காலை வெச்சா நடந்தீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "வலிக்கலையா?" லேசா வலிச்சுதுங்க. அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குதிகால் எலும்பு நொறுங்கிக் கீழ உக்காந்திருக்கும்மா. இதுக்கு மனுஷங்க அலறுவாங்க." நான் அலறவில்லை என்பதுதான் அவருக்கு பயமாக இருந்தது. எனக்கும்.

தட்டில் இரும்பு வைக்கிற சத்தம். இப்போது ஃபர்ஹானாவின் குரல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, வாய்க்கவசத்துக்குள்ளிருந்து வருகிறது, துளசிமணிம்மா, ஆரம்பிக்கிறோம், பயமா இருந்தா ஏதாவது பேசுங்க, நான் கேட்டுக்கிட்டே செய்வேன். சரிங்க என்கிறேன்.  ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நாள் இவரும் பெரிய டாக்டரும் என் கட்டிலுக்கு அருகில் நின்று பேசிக்கொண்டது நினைவுக்கு வருகிறது. பெரிய டாக்டர் நல்ல மனிதர், வெள்ளை மீசை, என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். சக்கரைக் காலும்மா இது, கத்தி வெச்சா ஆறாது, மாவுக்கட்டுப் போட்டு விட்டுருவோம், கொஞ்சம் நொண்டுவாங்க, அவ்வளவுதானே என்று ஃபர்ஹானாவிடம் சொன்னார். ஃபர்ஹானா மெதுவாக, ஆனால் விடாமல், "அப்படியே கூடிட்டா பாதம் கோணிக்கும் சார். கோணின பாதம் செருப்புல உரசும். இவங்களுக்கு உரசறது தெரியாது. புண்ணு வந்த பிறகுதான் தெரியும்" என்றார். பெரிய டாக்டர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார், முன்னெல்லாம் குதிகாலுக்கு வெளிப்பக்கமா பெரிசாக் கிழிச்சு, தோலைத் திறந்து, தகடு வெச்சு மூடுவோம், சர்க்கரை இருக்கறவங்களுக்கு அந்தத் தோல் ஓரத்துல கறுத்துப் போயிரும், இப்ப நான் கிழிக்கப் போறதில்ல, நாலு துளைதான், பொட்டு அளவு, எக்ஸ்ரே மெஷின்ல பாத்துக்கிட்டே கம்பி விட்டு எலும்பைத் தூக்கி நிறுத்தி ஸ்க்ரூ போட்டுருவேன், முதல்ல சர்க்கரை இறங்கட்டும், வீக்கம் வத்தட்டும், அதுவரைக்கும் வீட்ல இருங்க. ஆறிருங்களா என்று கேட்டேன். "ஆறும்னு நம்பித்தான் செய்றேன். ஆறாமப் போக வாய்ப்பு கம்மி. இல்லவே இல்லைன்னு சொல்லமாட்டேன்." பொய் சொல்லாததால் அவரை நம்பினேன். கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாமே என்றும் இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது, கறுத்துப் போயிரும், கறுத்துப் போயிரும், சாப்பிடும்போதும் அது, பல் விளக்கும்போதும் அது.

கறுப்பு எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் கறுப்பாகவே வராது. என் வீட்டுக்காரர் சென்னியப்பன் பங்குனி உத்திரத்துக்கு மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறினார், கல் கொதிக்கிற நேரம், எல்லோரும் குதித்துக் குதித்துப் போகிறார்கள், இவர் மட்டும் கல்யாண ஊர்வலத்தில் நடக்கிற மாதிரி நிதானமாக நடக்கிறார், பார்த்தவர்கள் என்ன பக்திங்க என்றார்கள். அவருக்கும் சர்க்கரை, மரத்துப்போன கால் என்று யாருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் குதிகாலில் ஒரு கொப்புளம், தெளிந்த தண்ணீர், பார்க்க அழகாகக்கூட இருந்தது, கண்ணாடிக் குமிழ் மாதிரி. பிறகு அது உடைந்தது. பிறகு வெள்ளையாக, பிறகு மஞ்சளாக, பிறகு ஓரத்தில் மெலிசாக ஒரு கோடு, மை தொட்டு இழுத்த மாதிரி. அந்தக் கோடுதான். அது நகர்ந்துகொண்டே வந்தது. காலையில் பார்த்தால் நேற்று இருந்த இடத்தில் இருக்காது. மில்லில் ஃபிட்டராக இருந்தவர், எந்த மெஷினின் சத்தம் மாறினாலும் தூக்கத்தில்கூட எழுந்து சொல்வார், தன் காலில் நடந்துகொண்டிருந்தது மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுக்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பழத்தை மரத்திலிருந்து எடுக்கிற மாதிரி.

டிரில்லின் சத்தம். வீட்டில் சுவரில் ஆணிக்குத் துளை போடுகிற அதே சத்தம், முதலில் ஓங்கி, எலும்புக்குள் போனதும் அமுங்கி. அது என் காலுக்குள் போகிற சத்தம் என்று புத்தி சொல்கிறது, உடம்பு நம்பமாட்டேன் என்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ பரண் அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. மயக்க மருந்து டாக்டர் என் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், நல்ல வாயாடி. நீங்க டிரைவிங் ஸ்கூல் நடத்தறீங்களாமே என்கிறார், என் வொய்ஃப் லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷமாச்சு, இன்னும் ரிவர்ஸ் எடுக்கணும்னா நான்தான் இறங்கிப் பின்னால நின்னு கை காட்டணும். "கண்ணாடியப் பாக்கச் சொல்லுங்க சார்" என்கிறேன், "நீங்க நின்னா உங்களத்தான் பாப்பாங்க, அப்பறம் எப்பத்தான் வண்டி பழகறது." திரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான்தான் பேசினேன், என் வாய்தான், வகுப்பில் பேசுகிற அதே குரல், உள்ளே இருப்பவளுக்கும் அந்தக் குரலுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி அது பாட்டுக்குப் பேசுகிறது. திரை ஓரத்தில் ஒரு டிவி தெரிகிறது. வளைந்த பெரிய மெஷின் ஒன்று என் காலைச் சுற்றி நிற்கிறது, எக்ஸ்ரே என்று ஃபர்ஹானா சொல்கிறபோதெல்லாம் அந்த டிவியில் சாம்பல் நிறத்தில் ஒரு பாதம் வருகிறது, சதையில்லாத பாதம். குதிகால் எலும்பு உள்ளே சரிந்துபோய், கூரை இறங்கின வீடு மாதிரி. அதற்குள் ஒரு கம்பி மெல்ல நுழைகிறது. அடுத்த படத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே. கம்பி எலும்பை நெம்பித் தூக்குகிறது. சரிந்த கூரை மேலே எழுகிறது. எனக்கு அழுகை வரப் பார்க்கிறது, ஏன் என்று தெரியவில்லை, உடனே நின்றும் போகிறது, ஏனென்றால் அந்தப் பாதத்தில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. எலும்பாகிவிட்டால் எல்லாப் பாதமும் ஒன்றுதான். அது என் வீட்டுக்காரருடையதாகவும் இருக்கலாம். இப்போது அது இப்படித்தான் இருக்கும், மண்ணுக்கடியில், சாம்பல் நிறத்தில், சதையில்லாமல்.

பேச்சு நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. டிரில் ஓடி நிற்கிறது, மறுபடி ஓடி நிற்கிறது. "பிடிக்கல" என்கிறார் ஃபர்ஹானா. யாரோ என்னவோ கேட்கிறார்கள். "எலும்பு மாவா இருக்கு. ஸ்க்ரூ சும்மா சுத்துது. வெளிய எடுங்க. வேற பக்கமா போவோம்." மயக்க மருந்து டாக்டர் என் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிறார், முகம் ஒன்றும் காட்டவில்லை. பிடிக்கல. என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஒரு நாள், மருந்து பிடிக்கல என்றார்கள், அதற்கு மறுநாள்தான் எடுத்தார்கள். எடுத்த அன்றைக்கு நான் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கொழுந்தனார் மருந்து வாங்கப் போனவர் திரும்பவில்லை. கௌசிகா ஹாஸ்டலில், பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம் என்றிருந்தோம். கதவு திறந்து ஒரு ஆள் வந்தார், கையில் நீளமான பை, மஞ்சள் நிறம், வாய் கட்டியிருந்தது. சென்னியப்பன் கூட வந்தது யாரு என்றார். நான்தாங்க என்றேன். இதை எடுத்துட்டுப் போயி அடக்கம் பண்ணிருங்க என்றார், இங்க அதுக்கு வசதி இல்லீங்க, சொந்தக்காரங்கதான் பண்ணோணும். பையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார், அவருக்கு வேலை இருந்தது. எங்கள் தெரு ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ரங்கராசண்ணன்தான் காலையில் எங்களைக் கூட்டிவந்தவர், வெளியே நின்றிருந்தார், என்னையும் பையையும் பார்த்தார், எதுவும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார். எங்கள் வீதிக்குப் போகவில்லை, நான் சொல்லாமலேயே மயானத்துப் பக்கம் திருப்பினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பை என் மடியில். பை என் மடியில், அதற்குமேல் வேண்டாம், அங்கேயே நில், அடுத்ததற்குப் போ. மயானம். குழி வெட்டுகிறவர் வந்தார், பையின் நீளத்தைப் பார்த்தார், கொழந்தைங்களா அம்மிணி என்று கேட்டார். இல்லீங்க, காலுங்க என்றேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். யாரு காலுங்க என்றார். வீட்டுக்காரருதுங்க. இருக்கறாருங்களா? இருக்கறாருங்க. அவர் வெட்டினார், உப்புப் போட்டார், மண்ணைத் தள்ளினார். பிறகு இரண்டு பேரும் நின்றோம். உயிரோடிருக்கிற ஒருவரின் காலுக்கு என்ன சொல்லிக் கும்பிடுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. "எதுக்கும் கும்புட்டுக்கங்க" என்றார். கும்பிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அவர் கேட்டார், அதை என்ன பண்ணுனாங்க. அவிகளே பாத்துக்குவாங்களாம் என்றேன். ம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு அரிப்பு ஆரம்பித்தது. துளசி, பெருவிரலுக்கும் அடுத்த வெரலுக்கும் நடுவால அரிக்குது, சித்தெ சொறிஞ்சு வுடு என்பார். எந்தக் காலுங்க என்பேன். வலது காலு. போர்வை அந்த இடத்தில் தட்டையாகப் படிந்திருக்கும். முதலில் சொல்லிப் பார்த்தேன், அங்க ஒண்ணும் இல்லீங்க என்று. எனக்குந் தெரியும், ஆனா அரிக்குதே என்றார் பாவமாக. அதற்குப் பிறகு தட்டையான போர்வையின் மேல், விரல்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தை உத்தேசமாகப் பார்த்து, சொறிந்துவிட்டேன். இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் என்பார். ஆங், அங்கதான் என்று கண்ணை மூடுவார். நான் சொறிந்துகொண்டே இருப்பேன், அரிக்கிறது என்றால் அங்கே எறும்பு வந்திருக்கிறதோ, உப்புப் பத்தவில்லையோ, ஆழம் பத்தவில்லையோ, போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றெல்லாம் ஓடும். எரியுது என்பார், மழை பெய்த அன்றைக்குக் குளுருது என்பார், குளிருகிறது என்று சொன்ன அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. மாரடைப்பில் அவர் போகும் வரைக்கும் அந்தக் கால் வீட்டில் இருந்தது. அவர் போன பிறகும் போகவில்லை. இரண்டு மூன்று தடவை படுக்கை விரிக்கும்போது என் கை தானாகப் போய் அந்த இடத்தில் சொறிந்திருக்கிறது.

"பிடிச்சிருச்சு" என்கிறார் ஃபர்ஹானா. குரல் இறங்கி, பழையபடி ஆகிவிட்டது. இன்னொண்ணு. எக்ஸ்ரே. சரி. இன்னொண்ணு. டிவியில் நான்கு கறுப்புக் கோடுகள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. நான் மூச்சை விடுகிறேன், அவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் போலிருக்கிறது, தலை லேசாகிறது. முடியப் போகிறது, முடிந்துவிட்டது, கௌசிகா வெளியே உட்கார்ந்திருப்பாள், ஒரு டீயாவது குடித்திருப்பாளா, அப்போது திரைக்கு மேலே ஒரு கால் எழும்புகிறது. பழுப்பு மருந்து பூசிய கால், முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரிகிறது, பச்சை அங்கி போட்ட ஒரு ஆள் கணுக்காலைப் பிடித்து உயரத் தூக்கிக்கொண்டிருக்கிறார், கறிக்கடையில் தூக்கிக் காட்டுகிற மாதிரி. என் கால் கீழே மெத்தையின் மேல் மடங்கிக் கிடக்கிறது, எனக்கு அது நன்றாகத் தெரிகிறது, மடங்கின முழங்கால், இடது காலின் மேல் சாய்ந்து. அப்படியென்றால் அவர் கையில் இருப்பது? எலும்பு மாவாக இருக்கிறது என்றார்களே. பிடிக்கல என்றார்களே. எனக்குத் தெரியாது, இடுப்புக்குக் கீழே அறுத்தாலும் எனக்குத் தெரியாது, சத்தம் கேட்டதே, டிரில்லா அது, ரம்பமா. அந்த ஆள் காலைத் திருப்புகிறார். குதிகால் என்னைப் பார்க்கிறது. "எடுத்துட்டீங்களா" என்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை. "எடுத்துட்டீங்களா, எங்கிட்டச் சொல்லாம எடுத்துட்டீங்களா, வெளிய எம் பொண்ணு தனியா இருக்கறா, அவகிட்டக் குடுத்துறாதீங்க, அவளால முடியாது, அவகிட்ட மட்டும் குடுத்துறாதீங்க" என்று கத்துகிறேன், எழப் பார்க்கிறேன், மேலே பாதி மட்டும் எழுகிறது, மயக்க மருந்து டாக்டர் தோளைப் பிடிக்கிறார், மெஷின் கீச்கீச்சென்று கத்துகிறது. ஃபர்ஹானா திரையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாய்க்கவசத்தைக் கீழே இழுக்கிறார். இளம் முகம், மூக்குமேல் கவசம் அழுத்திய தழும்பு. "துளசிமணிம்மா, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. அது உங்க காலு. உங்க உடம்போடதான் இருக்கு. கட்டுப் போடத் தூக்கியிருக்கோம்." மடக்கி வெச்சிருக்கறனே என்கிறேன். "ஊசி போட்டப்ப மடக்கியிருந்தீங்க. மூளைக்குக் கடைசியாத் தெரிஞ்சது அதுதான். அதையே இன்னும் சொல்லிட்டிருக்கு." அவர் திரையை ஒரு பக்கமாக விலக்கச் சொல்லி, என் கையைப் பிடித்து நீட்டி, என் தொடையில் வைக்கிறார். கைக்குத் தொடை தெரிகிறது, தொடைக்குக் கை தெரியவில்லை. அங்கிருந்து கண்ணால் போகிறேன், தொடை, முழங்கால், கெண்டை, அந்த ஆளின் கை, பாதம். எங்கேயும் அறுபடவில்லை. குதிகாலில் நான்கு சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு தையல். "யார்கிட்டயும் எதையும் குடுக்கல" என்கிறார் ஃபர்ஹானா. நான் கத்தியது அவர் காதில் விழுந்திருக்கிறது. என் நெற்றியில் கையை வைத்துவிட்டுப் போகிறார்.

பிறகு வேறு அறை, ஜன்னல், பகல் வெளிச்சம், மேலே மெதுவாகச் சுற்றுகிற ஃபேன். கால் தலையணைகளின் மேல் உயரமாகக் கட்டுக்குள் இருக்கிறது. ஃபர்ஹானா வந்து விரல்களை அழுத்திப் பார்க்கிறார், ரத்த ஓட்டம் நல்லா இருக்கு, தோல் நல்லா இருக்கு, தையல் பிரிக்கிறவரைக்கும் தினமும் பாக்கணும், மூணு மாசம் காலைத் தரையில ஊன்றக் கூடாது, ஊன்றினா உங்களுக்கு வலிக்காது, அதனால நீங்கதான் ஞாபகம் வெச்சுக்கணும் என்கிறார். தலையாட்டுகிறேன். தொடையில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு உணர்வு திரும்பி வந்துகொண்டிருக்கிறது. கௌசிகாவை உள்ளே விடுகிறார்கள். கண் சிவந்து, மூக்கு சிவந்து, கையில் ஒரு துணிப்பை. கட்டிலுக்கு அருகில் வந்து முதலில் என் காலைத்தான் பார்க்கிறாள், விரல்களை, ஒவ்வொன்றாக. பிறகுதான் முகத்தை.

"அழுதயா?" என்கிறேன். "எல்லாம் நல்லா முடிஞ்சுதுன்னு சொன்னாங்கல்ல?"

"அது அப்பறந்தாம்மா சொன்னாங்க. அதுக்கு முன்னால ஒரு ஆளு வந்தாரு. துளசிமணி கூட வந்தது யாருன்னு கேட்டுட்டு ஒரு பைய நீட்டறாரு. நானு கையே நீட்டல. சொவத்தோட ஒட்டி நின்னுட்டேன். ஏம்மா, உங்கம்மா சேலைதான், வளையல் உள்ள இருக்குது, பாத்துக்கங்கன்னு அவரு சொல்றாரு. எனக்குக் காதுலயே ஏறல." துணிப்பையைக் கட்டிலில் வைக்கிறாள். என் நீலச் சேலையின் கரை வெளியே தெரிகிறது.

"பையப் பாத்து எதுக்குக் கண்ணு பயப்படறே?"

அவள் என் கையை எடுத்து, சிரிஞ்ச் குத்திய இடத்துப் பிளாஸ்திரியை விரலால் நீவிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் புரிகிறது, புரியக் கூடாது என்று நினைக்கிறேன். நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்தயே என்கிறேன். உனக்கு எப்படி.

"அப்பா சொன்னாங்க."

"அப்பாவுக்கே தெரியாதே."

"தெரியும்மா. ரங்கராசு மாமா பாக்க வந்தப்ப, மனசு தாங்காம சொல்லிட்டாராம். அப்பா எங்கிட்ட அழுதாங்க. உங்கம்மா எங்கிட்ட மறைக்கறா, மறைக்கட்டும், நானுந் தெரியாத மாதிரியே இருந்துட்டுப் போறேன், ஆனா அவ ஒருத்தியா அதைத் தூக்கிட்டே திரியறா, என்னிக்காச்சும் நீ கேளு கண்ணுன்னாங்க. எனக்குத்தான் தைரியம் வரல."

ஃபேன் சுற்றுகிறது. அப்படியானால் அவருக்குத் தெரியும். காலில்லாத இடத்தைக் காட்டி, இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று சொன்னபோதெல்லாம், என் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அங்கே வைத்தபோதெல்லாம், அது எந்தக் கை என்று அவருக்குத் தெரியும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொறிந்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், அத்தனை நாளும் இரண்டு பேரும் ஒரே குழிக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறோம். கோபம் வருகிறது. சொல்லியிருக்கலாமே மனுஷன். பிறகு கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்கிறார்கள், நர்ஸ் சித்தெ பொறுங்க என்கிறாள். கௌசிகா குனிந்து என் காதருகில் வருகிறாள், சின்ன வயதில் ரகசியம் சொல்ல வருகிற மாதிரி, அவளுடைய மூச்சில் ஆஸ்பத்திரி டீயின் வாசம்.

"கனமா இருந்துச்சாம்மா?"

பொய் சொல்லலாம். நர்ஸைக் கூப்பிடலாம், கால் வலிக்குது என்று சொல்லலாம், அவள் நம்பிவிடுவாள். என் வாய் பாட்டுக்குப் பேசுமே, இப்போது அது பேசவில்லை. நான்தான் பேச வேண்டியிருக்கிறது.

"கனமில்ல கண்ணு" என்கிறேன். "சூடா இருந்துச்சு."

அவள் என் கையை விடவில்லை.

"மடியில வெச்சிருந்தேன். சேலையெல்லாந் தாண்டி, அவரு தூங்கறப்ப எம்மேல காலப் போடுவாரே, அதே சூடு. ஆட்டோ குலுங்கறப்ப கீழ வுழுந்துருமோன்னு ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். மயானம் வர வர ஆறிட்டே வந்துச்சு. ஆறக் கூடாதுன்னு முந்தானையப் போட்டு மூடுனேன் கண்ணு, நானு மூடுனேன்."

கௌசிகா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சொல்லும்மா" என்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ ஏறியதிலிருந்து அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.